மேற்கோளாட்சியும் மறைந்த பெயர்களும்

நூலொன்றின் பொருளைத் தொடங்குமுன் அதனைச் செய்தோன் பெயரும், அந்நூல் வந்த வழியும் சிறப்புப் பாயிரத்திற் கூறப்படல் வேண்டும் என்பது தமிழிலக்கண நூலார் விதி. வழி என்றது முன்னோர் நூலுக்கும் பின்னோர் நூலுக்கும் இடையேயுள்ள தொடர்பினை. நூல்களை முதனூல், வழிநூல், சார்பு நூல் என அவர் மூவகைப்படுத்தியதும் இத்தொடர்பினை நோக்கியேயாம். ஒருவன் கூறும் பொருளில் எது அவனுடையது, எது பிறரிடமிருந்து பெற்றது என்பதைக் கற்போன் அறிதல் வேண்டும் என்னும் எண்ணம் அவ்விதியின் அடியிற் கிடக்கின்றது. இக்கால ஆராய்ச்சியாளர் அடிக்குறிப்பு, மேற்கோள், துணைநூற்பட்டியல் என வழங்குவன யாவும் அவ்வாறு வழி கூறுதலின் விரிவே எனலாம்.

ஆயினும், விதி இருந்த அளவிற்கு வழக்கமும் இருந்ததெனக் கூறுதற்கில்லை. பழைய உரைகாரர் பிறர் கொள்கையை மறுக்குமிடங்களில் 'என்பாரும் உளர்' என்று பெயர் கூறாது செல்வது பெருவழக்கு. இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்னும் பொதுப்பெயராற் சுட்டியது அவருக்குச் செய்த பெருமையே. எனினும் அப்பெருமையே அவரது இயற்பெயரை ஓரளவு மறைக்கும் திரையாகவும் அமைந்தது. பெயர் சுட்டாமை பகைமையாலேயே நிகழும் என்பதில்லை. மதிப்பினாலும் நிகழும், சோம்பலினாலும் நிகழும், ஒருவர் எழுதியதை மற்றொருவர் பார்த்தெழுதும் பழக்கத்தினாலும் நிகழும். ஆனால் இக்காரணங்களுடன் ஆள்வோர், ஆளப்படுவோர் என்னும் வேறுபாடும், நிறவேறுபாடும் கூடியவிடத்து, மறைந்த பெயர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தாருடையனவாகவே இருந்தன. கடந்த இருநூறாண்டுகளில் ஆசியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் அறிவுத்துறைகள் வளர்ந்த வரலாறு இதனைப் பல இடங்களிற் காட்டுகின்றது. பெயர்கள் மறைந்தன என்பது பலரும் கூறியது. அவை எவ்விடத்தில், எவ்வாறு மறைந்தன என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

கல்கத்தாவில் 1817 இல் நிறுவப்பெற்ற இந்துக் கல்லூரியின் மாணவருள் ஒருவர் இராதாநாத் சிக்தார். 1813 இற் பிறந்த இவர், அக்கல்லூரியில் டெரோசியோவைச் சூழ்ந்திருந்த இளைஞர் குழுவைச் சேர்ந்தவர். கணிதத்தை ஜோன் டைட்லர் என்பாரிடம் பயின்றவர். 1831 இல் இந்திய மாபெருந் திரிகோணகணித நில அளவைப் பகுதியிற் கணிப்பாளராகச் சேர்ந்தார். லாம்டன் என்பார் 1802 இற் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடொன்றினை அளந்து தொடக்கிய அம்முயற்சி, அக்காலத்தில் ஜோர்ஜ் எவரெஸ்ட் தலைமையில் வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது.

கணிப்பாளர் தொழில் எளிதன்று. மலையுச்சியிலும் கோபுரத்திலும் நின்று கருவியாற் கோணங்களை அளப்போர் வேறு. அக்கோணங்களிலிருந்து தூரத்தையும் உயரத்தையும் இடநிலையையும் கணித்தெடுப்போர் வேறு. பூமி தட்டையன்று, ஒளி காற்றினூடே வளைந்து வருவது, வெப்பத்தால் அளவைச் சங்கிலி நீள்வது. இவ்வொவ்வொன்றிற்கும் திருத்தம் கண்டு, அத்திருத்தங்களைப் பிறரும் கையாளத்தக்க வாய்பாடுகளாக அமைத்தல் வேண்டும். சிக்தாரின் திறமை இதிலேயே விளங்கிற்று. அவர் வேறு பதவிக்குச் செல்ல முயன்றபோது, அவருக்கு ஈடானவர் கிடையார் எனக் கருதிய எவரெஸ்ட் அவரை விட இசையவில்லை. பின்னர் அவர் கல்கத்தாவிலே தலைமைக் கணிப்பாளரானார்.

அவர் பணிந்து நடப்பவர் அல்லர் என்பதும் அறியத்தக்கது. 1843 இல், நில அளவைப் பகுதியின் கூலியாட்களை ஆங்கிலேய நீதவான் ஒருவர் தமது மூட்டைகளைச் சுமக்கக் கட்டாயப்படுத்தியபோது, சிக்தார் அம்மூட்டைகளைத் தடுத்துவைத்தார். அதற்காக அவருக்கு 200 ரூபா தண்டம் விதிக்கப்பட்டது.

1851 இல் நில அளவைத்துறைக் கைந்நூலொன்று வெளிவந்தது. அதன் ஆசிரியராகத் தலைப்பேட்டிற் காணப்பட்டோர் துயிலியர், ஸ்மித் என்னும் ஆங்கிலேய அதிகாரிகள் இருவர். கணித நுட்பம் மிகுந்த பகுதிகளுக்கு இராதாநாத் சிக்தாரே உரியவர் என்பதை அவர்கள் முகவுரையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தனர். அதனளவில் நேர்மை குறைவுபடவில்லை. சிக்தார் 1862 இல் ஓய்வு பெற்று, 1870 இற் காலமானார். 1875 இல் அந்நூலின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. பகுதிகள் நூலில் நின்றன. அவர் பெயரைக் கூறிய முகவுரை நின்றதில்லை. இதனை 1876 இற் கல்கத்தாப் பத்திரிகையொன்றில் வெளிப்படுத்திக் கண்டித்தவரும் ஓர் ஆங்கிலேய அதிகாரியே. இறந்தாரிடம் களவு செய்ததற்கு ஒப்பானது அச்செயல் என்பது அக்கண்டனத்தின் சாரம்.

இந்நிகழ்ச்சியில் நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முதற் பதிப்பிற் சிக்தாரின் பெயர் வைக்கப்பட்ட இடம் முகவுரை. முகவுரை என்பது நூலின் வாயிலே தவிர நூலின் சுவரன்று. பதிப்புத்தோறும் புதுமுகவுரை எழுதுவது பதிப்பாளர் வழக்கம். பழையது நீங்கினும் நூலின் ஓட்டத்திற் குறையேதும் தோன்றாது. அவர் பெயர் அவர் எழுதிய அவ்வப் பகுதியின் தலைப்பிலேயே நின்றிருக்குமாயின், அதனை நீக்குவோர் அறிந்தே நீக்கவேண்டியவராவர், படிப்போரும் வினவுவர். நன்றியுரையிற் கூறப்பட்ட பெயர் பேணப்படுவது பின்வருவோரின் தயவைப் பொறுத்தது. பொருள் நிற்கும் இடத்திலேயே சுட்டப்பட்ட பெயரோ அப்பொருளோடு நிற்கும்.

இமயத்தின் உயர்ந்த சிகரம் பற்றிய செய்தியும் இவரோடு தொடர்புபடுத்திக் கூறப்படுவது. பதினைந்தாம் சிகரம் என எண்ணிட்டு வழங்கிய மலையின் உயரம் 29,002 அடி எனக் கணிக்கப்பட்டு, 1856 இல் அண்ட்ரூ வோ என்பவரால் அறிவிக்கப்பட்டது. 2020 இல் அறிவிக்கப்பட்ட 8,848.86 மீற்றர் என்னும் அளவோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஏறக்குறைய 30 அடியே. வோ தமக்கு முன்னிருந்த தலைவரின் பெயரை அம்மலைக்கு இட்டார். சிக்தார் 1852 இல் ஒருநாள் தலைவரின் அறைக்குள் ஓடிச்சென்று, உலகின் மிகவுயர்ந்த மலையைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாகக் கூறினார் என்பது செவிவழியாகப் பரவிய கதை. இக்கதைக்கு அக்காலத்து ஆவணச் சான்று வலிதாக இல்லை. அக்கணிப்பு ஆண்டுகள் பலவாகப் பலர் கைப்பட்டது. சிக்தாரின் புகழுக்கு இக்கதை வேண்டுவதுமன்று. கைந்நூலின் பகுதிகளும் கணிப்பு வாய்பாடுகளுமே போதியன. மறைக்கப்பட்டவர்க்கு உரியதை வழங்க விரும்புவோர் உரியதற்கு மேலும் வழங்கிவிடின், மறுப்போர் அம்மிகையைச் சுட்டிக்காட்டி உரியதையும் சேர்த்தே மறுத்துவிடுதல் கூடும்.

சிக்தாரின் பெயர் ஒரே நூலின் பதிப்புக்களுக்கிடையில் மறைந்தது. வேறு சில பெயர்கள் ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குச் செல்லும் வழியில் மறைந்தன. தமிழ் பயில்வோர்க்கு நெருங்கிய எடுத்துக்காட்டொன்று இதற்குண்டு. திராவிட மொழிகள் வடமொழியினின்று பிறந்தனவல்ல, தனியொரு குடும்பத்தைச் சேர்ந்தன என்னும் உண்மையைக் கூறியவுடன் பலர்க்கும் நினைவிற்கு வருவது கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம். அது வெளிவந்தது 1856 இல். அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன், 1816 இல், கம்பெல் என்பாரின் தெலுங்கிலக்கணத்திற்கு எழுதிய முன்னுரைக் குறிப்பொன்றிலே, சென்னைக் கலெக்டராகிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ் இவ்வுண்மையைச் சான்றுகளோடு நிறுவியிருந்தார். எல்லிஸ் 1819 இல் இராமநாதபுரத்தில் அகால மரணமெய்தினார். அவர் எழுதி வைத்தவற்றுட் பல அழிந்தன. கால்டுவெல்லின் பெருநூலின் ஒளியில் அக்குறிப்பு மங்கிற்று.

எல்லிஸ் சான்றுகளை அமைத்த முறை கூர்ந்து நோக்கத்தக்கது. வடமொழித் தாதுக்களையும் தெலுங்குத் தாதுக்களையும் அகரவரிசையில் அருகருகே நிறுத்தி அவை ஒவ்வாமையைக் காட்டினார். பின்னர்த் தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகியவற்றின் தாதுக்களை ஒருங்கு நிறுத்தி அவை ஒத்தலைக் காட்டினார். இவ்வாறு நிறுத்துவதற்குத் தெலுங்குத் தாதுக்களின் பட்டியல் ஒன்று முன்னரே வேண்டும். அதனைத் தொகுத்தவர், 1812 இல் நிறுவப்பெற்ற சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டைக் கல்லூரியில் வடமொழிக்கும் தெலுங்கிற்கும் தலைமையாசிரியராயிருந்த பட்டாபிராம சாஸ்திரியார். சொற்களைத் தற்சமம், தற்பவம், தேசியம் எனப் பகுத்துக் கடன் சொல்லையும் சொந்தச் சொல்லையும் வேறுபிரித்தறியும் முறையும் ஐரோப்பாவிலிருந்து வந்ததன்று. அது இந்நாட்டு இலக்கணிகள் வழிவழியாகக் கையாண்டது. மசூலிப்பட்டினத்து மாமடி வெங்கையா என்பார் தமது தெலுங்கு அகராதியின் முன்னுரையில் அதனை விளக்கியிருந்தார். எல்லிஸ் அப்பகுதியை மொழிபெயர்த்துப் பயன்படுத்திக்கொண்டார்.

எல்லிஸ் இவ்விருவரையும் மறைத்தவர் அல்லர் என்பதே இங்கு குறிப்பிடவேண்டியது. அவருடைய குறிப்பிலேயே அவர்களுக்குரிய இடம் தரப்பட்டுள்ளது. பின்னர் நிகழ்ந்தது வேறு. ஒப்பியல் மொழிநூலின் வரலாற்றை எழுதியோர் முதலில் எல்லிஸை விட்டனர். அவரது குறிப்பு மீண்டும் கவனம் பெற்ற பின்னரோ, எல்லிஸைக் கூறியோருட் பலர் சாஸ்திரியாரையும் வெங்கையாவையும் விட்டனர். ஒருவன் எல்லிஸைச் சுட்டும்போது எல்லிஸின் பெயரையே எழுதுகின்றான். எல்லிஸ் சுட்டியவர்களை எழுதுவதில்லை. அவனைப் படித்து எழுதும் மூன்றாமவன் எல்லிஸின் மூலத்தைப் பார்ப்பதேயில்லை. இவ்வாறு கைமாறுந்தோறும் சங்கிலியின் முதற் கண்ணி கழன்று விழுகின்றது. தீய எண்ணம் எவர்க்கும் இல்லாவிடத்தும் விளைவு ஒன்றே. இவர்களுக்குரிய பங்கினை விரித்து நிறுவியது 2006 இல் தோமஸ் ட்ரவுட்மன் எழுதிய ஆய்வுநூல். ஐரோப்பிய ஒப்பியல் முறையும் இந்திய இலக்கண முறையும் சென்னையிற் கூடியதனாலேயே அக்கண்டுபிடிப்பு இயன்றது என்பது அந்நூலின் துணிபு.

அதே காலத்தவரான கேணல் கொலின் மக்கென்சி தென்னிந்தியாவெங்கும் திரட்டிய ஏடுகளும் கல்வெட்டுப் படிகளும் இன்றும் 'மக்கென்சித் தொகுதி' என்றே வழங்குகின்றன. ஊரூராகச் சென்று, ஏடுடையாரோடு பேசி, அவற்றைப் பெற்றும் படியெடுத்தும் விளக்கியும் உழைத்தோருள் தலையாயவர் காவலி வெங்கட போரையாவும் அவர் தம்பியராகிய இலட்சுமையா, இராமசாமி என்போரும். மக்கென்சி 1821 இல் இறந்தபின், அப்பணியைத் தாமே தொடர இலட்சுமையா விண்ணப்பித்தார், அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை. தொகுதிக்கு ஒருவர் பெயர் இடப்பட்டுவிட்டால், அதிலிருந்து எடுத்தாளும் ஒவ்வொரு மேற்கோளும் அவ்வொருவரையே மீண்டும் மீண்டும் போற்றுவதாகிவிடும். யாழ்ப்பாணத்தாரும் இத்தகையதொன்றை அறிவர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு ஆறுமுக நாவலர் ஆண்டுகள் பலவாகத் துணைநின்றார். ஆயினும் அம்மொழிபெயர்ப்புப் பாதிரியாரின் பெயராலேயே வழங்கி வந்தது. நாவலர் தம் பெயரைத் தாமே வேறு வழிகளில் நாட்டிக்கொண்டவராதலின், உலகம் அவரை மறக்கவில்லை. அத்தகைய ஆற்றலும் வாய்ப்பும் பெறாத பண்டிதர்களும் முன்ஷிகளும் 'எனது பண்டிதர்' என்னும் இரு சொற்களுள் அடங்கிப்போயினர்.

'எனது பண்டிதர்' என்னும் வழக்கில் ஒரு கொள்கையே மறைந்து நிற்கின்றது. பண்டிதர் தருவது தகவல். அதனை அறிவாக்குவது துரையின் வேலை என்பது அக்கொள்கை. தகவல் தந்தவனுக்கு நன்றி போதும். கருத்துத் தந்தவனுக்கே மேற்கோள் உரியது. ஒருவனைச் சாட்சியாகக் கொள்வதும் ஆசிரியனாகக் கொள்வதும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை ஐக்கிய அமெரிக்காவிற் கறுப்பின அறிஞர் ஒருவரின் வரலாறு காட்டும்.

டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் 1868 இற் பிறந்து, 1895 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்பட்டத்தை அங்குப் பெற்ற முதல் ஆபிரிக்க அமெரிக்கர் அவரே. 1896 இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம், பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டாரத்துக் கறுப்பின மக்களின் நிலையை ஆராயும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. ஆனால் அவருக்கு அளித்த பதவி சமூகவியல் உதவியாளர் என்பதே. மாணவர்க்குக் கற்பிக்கும் உரிமை அதில் இல்லை. அவர் அவ்வட்டாரத்திலேயே மனைவியோடு குடியிருந்து, வீடுவீடாகச் சென்று வினாப்பட்டியல்களை நிரப்பினார். தொழில், வருவாய், வீட்டு வாடகை, கல்வி, குடும்ப அமைப்பு, நோய், குற்றம் ஆகியவற்றைக் கணக்கெடுத்து, வரைபடங்களோடும் அட்டவணைகளோடும் 1899 இல் நூலாக வெளியிட்டார். வறுமையும் குற்றமும் இனத்தின் இயல்பால் விளைவன என்னும் அக்காலத்துப் பொதுக் கொள்கைக்கு மாறாக, அவை வரலாற்றாலும், தொழில் மறுக்கப்படுவதாலும் விளைவன என அவர் எண்களால் நிறுவினார். 1897 முதல் 1910 வரை அட்லாண்டாப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் இத்தகைய ஆய்வுகளை நடத்தினார்.

அமெரிக்காவில் நகர வாழ்க்கையை நேரிற் சென்று ஆராயும் சமூகவியல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் பிறந்தது என்பது பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தது. அங்கு ரொபேட் பார்க்கும் அவர் குழுவினரும் புகழ்பெற்ற நகராய்வுகளைச் செய்தது 1910 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதிக்குப் பின்னர். டு போய்ஸின் நூல் அதற்கு ஏறக்குறைய பதினைந்தாண்டு முந்தியது. அவர் பெயர் அறியப்படாதது அன்று. அமெரிக்காவிலே அதனை அறியாதார் சிலரே. ஆனால் கறுப்பின மக்களின் குரலாக, அவர்தம் துயரின் சாட்சியாக அவர் எடுத்துக்காட்டப்பட்டார். முறையியலை வகுத்த ஆசிரியராக அவரை மேற்கோள் காட்டியோர் மிகச் சிலர். 1944 இல் அமெரிக்க நிறப்பிரச்சினை பற்றிப் பெருநூல் எழுதிய சுவீடன் நாட்டுக் கன்னார் மிர்டால், 1899 ஆம் ஆண்டு நூலை இத்தகைய ஆய்வுக்கு முன்மாதிரியாகப் போற்றினார். அயல்நாட்டார் ஒருவர் வந்து கூறவேண்டியிருந்தமை வியப்பன்று.

டு போய்ஸ் 1963 இற் கானா நாட்டில் இறந்தார். 2006 இல் அமெரிக்கச் சமூகவியற் கழகம் தன் உயர்ந்த விருதொன்றிற்கு அவர் பெயரை இட்டது. 2012 இல், முன்னொருகால் உதவியாளராக வைத்திருந்த அதே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் அவரை ஓய்வுநிலைக் கௌரவப் பேராசிரியராக அறிவித்தது. 2015 இல் ஒல்டன் மொரிஸ் எழுதிய ஆய்வுநூல், அறிவியல் முறையிலமைந்த அமெரிக்கச் சமூகவியலின் முதற் பள்ளி அட்லாண்டாவிலேயே தோன்றிற்று என வாதிட்டது. இவ்வாதத்தை முற்றாக ஏற்காதோரும் உளர். ஆனால் அந்நூலுக்குப் பின், டு போய்ஸைக் கூறாது அத்துறையின் வரலாற்றைத் தொடங்குவது அரிதாயிற்று. இரண்டாண்டுகளின் பின், 2017 இல், கறுப்பினப் பெண் அறிஞரின் ஆக்கங்களை மேற்கோள் காட்டுமாறு வேண்டும் இயக்கமொன்றும் அமெரிக்கக் கல்வியுலகிலே தோன்றிற்று.

இவற்றுக்கு மாறாக, முறையாகப் பெயர் சுட்டியதனால் விளைந்த நன்மைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. 1924 இல் டாக்காப் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆசிரியர் சத்தியேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை எண்ணுவதற்குத் தாம் கண்ட புதுமுறையைக் கூறும் சிறு கட்டுரையை ஐன்ஸ்ரைனுக்கு அனுப்பினார். போஸ் அப்பொழுது கலாநிதிப் பட்டம் பெறாதவர், ஐரோப்பாவிற் பெயரறியப்படாதவர். ஐன்ஸ்ரைன் அதனைத் தாமே ஜேர்மன் மொழியிற் பெயர்த்து, போஸ் ஒருவரின் பெயரிலேயே வெளியிடுவித்து, அதன் முதன்மையைக் கூறும் குறிப்பொன்றையும் சேர்த்தார். பின்னர் அம்முறையை வாயுக்களுக்கு விரித்துத் தாம் எழுதிய கட்டுரைகளிற் போஸைச் சுட்டினார். போஸின் கட்டுரை சில பக்கங்களே கொண்டது. அதன் கருத்தைத் தம் பெருங்கட்டுரையிற் சேர்த்து, அடியில் நன்றி கூறிவிட்டிருந்தாலும் அக்காலத்தில் எவரும் குறைகூறியிரார். அவர் அவ்வாறு செய்யாமையினாலேயே போஸ்–ஐன்ஸ்ரைன் புள்ளியியல் எனவும், ஒருவகைத் துகள்களுக்குப் போசோன் எனவும் பெயர் வழங்கலாயின. கலாநிதிப் பட்டமின்றியே போஸ் டாக்காவிற் பேராசிரியராகவும் ஐன்ஸ்ரைனின் சான்றுரை துணையாயிற்று.

பெயர் சுட்டல் முன்பு புகழைப் பொறுத்ததாக இருந்தது. இன்று அது பிழைப்பையும் பொறுத்தது. யூஜின் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர் 1955 இல் முன்மொழிந்து, 1964 முதல் முறையாக வெளியிடத் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை, எக்கட்டுரையை எக்கட்டுரை சுட்டியது என்பதைத் தொகுத்தது. நூலைத் தேடுவோர்க்கு உதவியாகவே அது எழுந்தது. நாளடைவில் அவ்வெண்ணிக்கைகள் ஆய்வாளரின் தகுதியை அளக்கும் கோல்களாயின. பதவி நியமனமும் பதவியுயர்வும் ஆய்வு மானியமும் பல நாடுகளில் அக்கோல்களால் அளக்கப்படுகின்றன. நன்றியுரையில் வரும் பெயரை அவ்வட்டவணை எண்ணுவதில்லை. துணைநூற்பட்டியலில் வருவதையே எண்ணும். ஆகவே 'எனது பண்டிதர்' வழக்கின் கேடு இக்காலத்திற் குறைந்ததன்று, மிகுந்ததே. புகழுடையார்க்கே மேலும் புகழ் சேரும் இயல்பினை 1968 இல் ரொபேட் மேர்ட்டன் கட்டுரையொன்றில் விளக்கினார். அக்கட்டுரைக்கு ஆதாரமான நேர்காணல்கள் ஹரியட் சக்கர்மன் என்னும் பெண் ஆய்வாளருடையன. அது இருவர் பெயரிலும் வெளிவந்திருக்கவேண்டும் என்பதை மேர்ட்டன் பின்னர்த் தாமே ஒப்புக்கொண்டார். பெயர் சுட்டாமையை ஆராய்ந்த கட்டுரையே அக்குற்றத்திற்கு இலக்கானமை, அறிஞர் எவரும் இதனின்று நீங்கியவர் அல்லர் என்பதற்குச் சான்று.

தமிழறிஞர் சிலரின் பதிப்புரைகள் இவ்வகையில் மதிக்கத்தக்கன. சி. வை. தாமோதரம்பிள்ளை 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையுடன் பதிப்பித்தபொழுது, பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர் என்பது வெளிப்பட விளங்கிற்று. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புக்களில் ஏடு உதவியோரின் பெயரையும் ஊரையும் எழுதிவைத்தார். இன்று எந்த ஏடு எவ்வூரிலிருந்தது எனத் தேடுவோர்க்கு அப்பெயர்ப்பட்டியல் ஆராய்ச்சிக் கருவியாகவே பயன்படுகின்றது. நன்றியும் ஆதாரமும் அங்கு ஒன்றாயின. ஏடுகளைப் பெயர்த்தெழுதிய எழுத்தாளர் பலர் பெயரின்றிப் போனமை மறுக்கவியலாதது.

பெயரைச் சுட்டுதல் வேறு, சரியாகச் சுட்டுதல் வேறு. மேலைநாட்டு நூற்பட்டியல் முறை, ஒருவர்க்குக் குடும்பப்பெயர் ஒன்று இறுதியில் உண்டு என்பதை அடிப்படையாகக் கொண்டது. தமிழர்க்கு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. க. கைலாசபதி என்பதில் முன்னெழுத்துத் தந்தையாகிய கனகசபாபதியின் பெயரைக் குறிப்பது. இறுதியில் நிற்பது அவருக்கே உரிய பெயர். 1968 இல் ஒக்ஸ்போர்டில் வெளிவந்த அவரது வீரயுகப் பாடல் பற்றிய நூலைக் கைலாசபதி என்ற பெயரிலே தேடுவோர் தற்செயலாகச் சரியான இடத்தை அடைகின்றனர். ஆனால் எஸ். வையாபுரிப்பிள்ளையை மேலைநாட்டு முறையிற் பிரித்தால் அவர் 'பிள்ளை' என்னும் சொல்லின்கீழ், அச்சொல்லையே இறுதியிற் கொண்ட எண்ணற்ற பிறரோடு கலந்து, 'வை' என்னும் முன்னெழுத்தாகச் சுருங்கிவிடுகின்றார். ஐயர், முதலியார், சாஸ்திரி என்பனவும் அவ்வாறே. ஒருவரின் நூல்கள் சில ஓரிடத்தும் சில மற்றோரிடத்தும் பதிவாகும். எண்ணிக்கையால் அளக்கும் காலத்தில் அவர் இருவராகவோ மூவராகவோ பிளவுறுவார்.

நூலகவியல் அறிஞர் சீர்காழி இராமாமிர்த இரங்கநாதன் இச்சிக்கலை நன்கறிந்தவர். சீர்காழி அவரது ஊர். இராமாமிர்தம் தந்தை பெயர். 1934 இல் வெளியிட்ட நூற்பட்டியல் விதிநூலில் இந்தியப் பெயர்களை எவ்வாறு பதிவது என்பதை வகுத்தார். 1961 இற் பாரிசிற் கூடிய அனைத்துலக நூற்பட்டியல் மாநாடு, ஒருவரின் பெயரிலே தலைச்சொல்லாவது எது என்பதை அவர் குடியுரிமை பெற்ற நாட்டின் வழக்கைக் கொண்டும், அது இயலாவிடின் அவர் எழுதும் மொழியின் வழக்கைக் கொண்டும் துணிதல் வேண்டும் என ஏற்றுக்கொண்டது. விதி நூலகங்களிற் பரவிற்று. கட்டுரையாளரின் அடிக்குறிப்புக்களிற் பரவியது குறைவு. ஆங்கிலத்தில் எழுதும் தமிழ் மாணவரும் தம் ஆசிரியர் பெயரையே தலைகீழாக்கிப் பதிவது இன்றும் காணப்படுவதே.

இந்திய அஞ்சற்றுறை 2004 இல் மாபெருந் திரிகோணகணித அளவையின் நினைவாக முத்திரைகள் வெளியிட்டபொழுது, அவற்றுள் ஒன்றில் இராதாநாத் சிக்தாரின் உருவம் பொறிக்கப்பட்டது. அவர் பெயர் பழைய ஆங்கில ஆவணங்களில் ஒருவகையாகவும், பின்வந்த நூல்களில் வேறுவகையாகவும், வங்காள ஒலிப்பைத் தழுவுவோரால் மற்றொருவகையாகவும் எழுதப்பட்டுக் கிடக்கின்றது. அவரைப் பற்றி ஆராயப் புகும் மாணவன் பொருளடைவிலே மூன்றிடங்களிலும் தேடுதல் வேண்டும். 1851 ஆம் ஆண்டுக் கைந்நூலைக் கேட்டுப் பெறும்போது, முதற் பதிப்பையே கேட்டுப் பெறுதலும் வேண்டும்.